மஸ்கட்டில் அப்போது மணி பன்னிரண்டரை

நம் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் 'சர்வதேசத் தொழில்முனைவு' பாடத்தை ஒப்படைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்கள். ஒப்படைக்க என்னிடம் அதிகமில்லை. எம்பிஏ வகுப்புச் சுவரில் மூன்று கடிகாரங்கள் தொங்குகின்றன: மஸ்கட், சிங்கப்பூர், லண்டன். லண்டன் ஓடாது, பேட்டரி மாற்றுங்கள். அலமாரியில் பழைய ப்ராஜெக்ட் கட்டுகள் இருக்கின்றன. அவற்றை நானும் படித்ததில்லை, நீங்களும் படிக்க வேண்டாம். மிச்சம் இருப்பது என் அனுபவம். அதற்குப் பூட்டு கிடையாது.

நான் விருப்ப ஓய்வில் போகிறேன். காரணம் தொண்டை. குரல் நரம்பில் முடிச்சு விழுந்திருக்கிறதாம். "இத்தனை வருஷமா என்ன வேலை பார்த்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். "பேசிட்டிருந்தேன்" என்றேன். "போதும்" என்றார். அதனால்தான் இதை எழுதித் தருகிறேன். நேரில் சொல்லியிருந்தால் நடுவில் நாலு ஜோக் அடித்து, நீங்கள் சிரித்து, விஷயம் காணாமல் போயிருக்கும்.

ஏற்றுமதி உரிமம், கூட்டு முயற்சி, அந்நியச் செலாவணி எல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். முதல் நாள் வகுப்பில், வீட்டில் யாராவது வெளிநாட்டில் இருந்தால் கையைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்காதவனைத் தேடுவது சிரமம். கூத்தாநல்லூர்ப் பிள்ளைகளுக்கு மலேசியாவும் மஸ்கட்டும் அடுத்த தெரு மாதிரி. பூதலூர் விவசாயி மகனுக்கு அண்ணன் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் இருப்பான். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்த செய்தி வயலுக்குப் போகுமுன் அவனுக்குப் போயிருக்கும். அந்த அறையில் வெளிநாடே பார்க்காத ஆள் ஒருவர்தான் இருப்பார். அவர்தான் அந்தப் பாடத்தை நடத்துவார்.

எனக்குப் பாஸ்போர்ட் உண்டு. அதில் ஒரு முத்திரைகூட இல்லை. மகளுக்கு மெல்போர்னில் பிரசவம் என்று மனைவி போனாள். பின்னாலேயே நானும் போவதாக ஏற்பாடு. திருச்சி விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தவன், கண்ணாடிக்கு அப்பால் நின்ற விமானத்தைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய பொருள் மேலே நிற்கும் என்பதை என் உடம்பு நம்ப மறுத்துவிட்டது. சட்டை நனைந்தது. காது அடைத்தது. காவலுக்கு நின்ற பெண் ஓடி வந்து, "முதல் தடவையா சார்?" என்றாள். "இல்லம்மா, நான் இதைத்தான் பாடமா நடத்துறேன்" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அங்கிருந்து பஸ் பிடித்து, மகளுக்காகப் போட்ட மாவடு ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு தஞ்சாவூர் திரும்பினேன். அடுத்த திங்கட்கிழமை நான் நடத்திய பாடம், வெளிநாட்டுச் சந்தையில் நுழையும் வழிகள்.

மனைவி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். சண்டை எதுவும் இல்லை. குழந்தை பள்ளிக்கூடம் போகிறது, கொண்டுபோய் விட ஆள் வேண்டும், மகளுக்கு வேலை. ஒவ்வொரு காரணமும் நியாயமானது. நியாயமான காரணங்களாகச் சேர்ந்து வீடு காலியாகிவிட்டது. இதை நான் கல்லூரியில் யாரிடமும் சொல்லவில்லை. வகுப்பில் வழக்கம்போல, "வீட்ல மேடம் இன்னைக்கு உப்புமாவுல உப்பை மறந்துட்டாங்க, அதான் உங்க மேல கோவம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உப்பை மறந்தது நான்தான்.

இனி நஸ்ரின் கதை.

நஸ்ரின் கூத்தாநல்லூர்ப் பெண். கடைசிப் பருவம். அவள் யோசனை நோன்புக் கஞ்சி. குருணை அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பட்டை கிராம்பு எல்லாம் பக்குவமாகக் கலந்த பாக்கெட். தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் கஞ்சி. வளைகுடாவில் இருக்கும் நம்மூர்க்காரர்களுக்கு ரமலான் வந்தால் அந்த வாசனைக்கு ஏக்கம். அதை அனுப்பி வைக்கலாம் என்றாள். எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு சாம்பிள் பாக்கெட் கொடுத்தாள், நாலு பேருக்கானது. அன்று சாயங்காலம் முழுப் பாக்கெட்டையும் போட்டுக் காய்ச்சினேன். மறுநாள் காலையிலும் அதையே குடித்தேன். மத்தியானமும் அது போகமாட்டேன் என்றது.

"எப்படி சார் இருந்துச்சு?" என்றாள்.

"பிரமாதம். மேடம் ரெண்டு டம்ளர் குடிச்சாங்க" என்றேன்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

அட்டை வடிவமைப்புக்கும் நான்தான் ஆலோசனை சொன்னேன். "குடும்பப் பாக்கெட்னு போடும்மா. குடும்பம் சேர்ந்து சாப்பிடுற படம். உணர்ச்சிதான் விற்கும்." அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், நடுவில் ஆவி பறக்கும் கிண்ணம். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கே என் மேல் ஒரு மரியாதை வரும்.

அவளுக்கு இடம் வேண்டும். வீட்டை ஒட்டி அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஒரு ஷெட் இருந்தது. அவர் பெயர் ஜபருல்லா. சவுதியில் பல வருஷம் ஓட்டுநராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஷெட்டை ஒரு டயர் வியாபாரி வாடகைக்குக் கேட்டிருந்தார். பேச்சு முடிந்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாவி வாங்க வருவதாக இருந்தது. நஸ்ரின் அழுதாள், சண்டை போட்டாள். கடைசியில் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். "அங்கேருந்து ஒரு கடைக்காரர் அவர் வாயால 'அனுப்பு'ன்னு சொல்லட்டும். என் காதால கேட்டா ஷெட்டு உனக்கு. இல்லேன்னா சென்னையில கிடைச்ச அந்தப் பேங்க் வேலைக்குப் போ."

மஸ்கட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் சிராஜுதீன் என்பவரைத் தேடிப் பிடித்தோம். நம் பக்கத்துக்காரர். வெள்ளிக்கிழமை கடை சாயங்காலம்தான் திறப்பேன், அதற்கு முன் வீடியோவில் கூப்பிடுங்கள் என்றார். நேரம் குறிக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். என் மாணவர்களில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டு ஒன்றே முக்காலுக்குத் திரும்புவார்கள். அவர்களுக்கு இடைஞ்சல் கூடாது என்று மிகுந்த கவனத்தோடு இரண்டு மணி என்று வைத்தேன். அதைத் துறைத் தலைவரிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். "பாருங்க சார், மத்தவங்க பழக்கவழக்கத்தை மதிச்சு நேரம் குறிக்கிறதுதான் சர்வதேச வணிகத்துல முதல் பாடம்."

வெள்ளிக்கிழமை வந்தது. வகுப்பு நிறைந்திருந்தது. தொழுகை முடிந்த கையோடு ஜபருல்லா பாய் வெள்ளைச் சட்டையில் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் லேப்டாப்பைப் பெரிய திரையில் இணைத்து, இரண்டு மணிக்கு அழைத்தேன்.

மணி அடித்தது. எடுக்கவில்லை.

"கை கழுவிட்டு வர்றார் போல" என்றேன். வகுப்பு சிரித்தது. மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை.

"சார்..." என்றாள் நஸ்ரின்.

"இரும்மா, நான் பார்த்துக்கறேன்."

மறுபடி. மறுபடி. அந்தச் செயலிக்கு இரு முனையிலும் ஒரே அழைப்பொலி; அது பெரிய ஸ்பீக்கரில் குயில் மாதிரி கூவிக்கொண்டிருந்தது. பூதலூர் பிரகாஷ் எழுந்து, "சார், ஆளு பயந்துட்டார்னு நினைக்கிறேன். என் நம்பர்லேர்ந்து போடவா?" என்றான். போடச் சொன்னேன். அவன் போட்டான். நானும் போட்டேன். இருவருமாகச் சேர்ந்து அந்த மனிதரை விடவில்லை.

"சார், ஒரு நிமிஷம், நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"பதறாதே நஸ்ரின். பதறினா வியாபாரம் போச்சு" என்றேன். அப்படிச் சொன்னவனின் சட்டை, திருச்சி விமான நிலையத்தில் நனைந்த அதே இடங்களில் நனைந்திருந்தது.

பேசாமல் இருந்தால் அந்த அமைதி என்னைத் தின்றுவிடும் என்று பயம். அதனால் வாய் ஓயவில்லை. ஒட்டகம், பெட்ரோல், என் மாமியார் என்று எது கிடைத்ததோ அதில் ஜோக் அடித்தேன். சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. கடைசி பெஞ்சில் வெள்ளைச் சட்டை கைக்கடிகாரத்தைப் பார்த்தது. சாயங்காலம் டயர்க்காரர் வருவார்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை என்று நாகரிகமாகச் சொல்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சானுக்கு, "உடனே இந்த எண்ணுக்கு வீடியோவில் வா. நீ மஸ்கட்டில் கடை வைத்திருக்கிறாய். கஞ்சி பாக்கெட் அனுப்பு என்று சொல்" என்று போனில் தட்டச்சு செய்துவிட்டேன். அனுப்பும் பொத்தான் மேல் கட்டைவிரல். மச்சான் நல்ல நடிகன், தத்ரூபமாகச் செய்வான். ஜபருல்லா பாய் ஷெட்டைக் கொடுத்துவிடுவார். நானும் தப்பித்துவிடுவேன். அப்புறம் இந்தப் பெண் அந்த ஷெட்டில் உட்கார்ந்து, இல்லாத ஒரு கடைக்கு மூட்டை மூட்டையாகக் கஞ்சி கட்டுவாள்.

அழித்தேன். நெருக்கடியில் நான் எடுத்த நல்ல முடிவு என்று என் பணிக்காலத்தில் சொல்லிக்கொள்ள இது ஒன்று இருக்கிறது. அழித்துவிட்டதால், சொல்ல ஜோக்கும் இல்லை, செய்ய வேலையும் இல்லை. சும்மா நின்றேன்.

நான் வாயை மூடிய அந்தச் சந்தில் நஸ்ரின் நுழைந்துவிட்டாள். "சார், உங்க தலைக்கு மேல பாருங்க."

அண்ணாந்து பார்த்தேன். நான் வாங்கி, நானே ஆணி அடித்து மாட்டிய மஸ்கட் கடிகாரம். அப்போதுதான் பன்னிரண்டரை தாண்டியிருந்தது.

"அங்க இப்பதான் ஜும்மா நடக்குது சார்."

நம்மூர் ஜும்மாவுக்கு அவ்வளவு கவனமாக ஒதுங்கிப்போய், மஸ்கட் ஜும்மாவின் நட்டநடுவில் வண்டியை நிறுத்தியிருந்தேன். பிரகாஷ் மெதுவாக, "அப்ப நாம இவ்வளவு நேரம் பள்ளிவாசலுக்குள்ளயா சார் ரிங் விட்டோம்?" என்றான்.

"முன்னாடியே ஏம்மா சொல்லலை?" என்றேன் நஸ்ரினிடம்.

"நேத்தே தோணுச்சு சார். நீங்க எங்களுக்காகன்னு பார்த்துப் பார்த்து வெச்ச நேரம். எல்லார்கிட்டயும் சந்தோஷமா சொல்லிட்டிருந்தீங்க. அவர் சீக்கிரம் தொழுதுட்டு வந்துருவார்னு நினைச்சேன். இன்னைக்குச் சொல்லலாம்னா நீங்க நிறுத்தவே இல்லை."

பேசியே பிழைப்பு நடத்துகிறவர்களே, இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் எதிரில் இருப்பவருக்கு விடை தெரிந்திருக்கலாம். நீங்கள் மூச்சு வாங்கினால்தான் அவர் சொல்ல முடியும்.

இரண்டரைக்கு மேல் அவரே அழைத்தார். திரையில் ஒரு கார், ஸ்டியரிங், அதற்குப் பின்னால் தொப்பி போட்ட, சிவந்துபோன ஒரு முகம்.

"யாருங்க அது? சைலண்ட்ல போட மறந்துட்டேன், என் தப்புதான். அதுக்காக இப்படியா? இமாம் குத்பா ஓதுறார், என் பாக்கெட்டுல குயிலு கூவுது. மொத்தப் பள்ளிவாசலும் திரும்பிப் பார்க்குது!"

நெட்வொர்க் கோளாறு என்று சொல்ல வாய் வரை வந்தது. "நான்தாங்க" என்றேன். "உங்களைக் கேக்காம நேரத்தைத் தப்பாக் குறிச்சதும் நான்தான். இந்தப் பொண்ணுக்கு இதுல சம்பந்தமில்லை. மன்னிச்சுக்குங்க." அவ்வளவோடு நிறுத்தி, லேப்டாப்பை நஸ்ரின் பக்கம் திருப்பினேன்.

அவள் ஸ்லைடைத் திறக்கவில்லை. "அஸ்ஸலாமு அலைக்கும் மாமா. சாப்பிட்டீங்களா?" என்றாள்.

அவர் கோபத்துக்கு அதில் போக இடமில்லை. "வ அலைக்கும் ஸலாம். இனிமேதாம்மா. ரூமுக்குப் போயி ஏதாச்சும் போட்டுக்கணும்" என்றார். தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். "வெள்ளிக்கிழமை மத்தியானம் இங்க ஒரு மாதிரிம்மா. தொழுதுட்டு எல்லாரும் சலாம் சொல்லிட்டுப் போயிருவாங்க. கார்ல கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். சரி, காட்டு உன் பாக்கெட்டை."

அவள் அட்டைப் படத்தைக் காட்டினாள். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், ஆவி பறக்கும் கிண்ணம். என் கைவண்ணம்.

அவர் சிரித்துவிட்டார். "இது யாரு போட்ட படம்? இந்தக் குடும்பமெல்லாம் ஊர்லல்ல இருக்கு? என் கடைக்கு வர்றது ஒத்தை ஆளுங்கம்மா. ஒரு ரூம்ல ஆறு பேரு இருப்பான், ஆறு பேருக்கும் ஆறு ஷிப்டு. நாலு பேரு கஞ்சியை ஒருத்தன் வாங்கி என்ன செய்வான்? ஒத்தை ஆள் பாக்கெட்டு இருக்கா?"

நஸ்ரின் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"போட்டுடலாம் மாமா" என்றாள்.

"போடலாம்னு யாரு வேணா சொல்லலாம். ஒரு ஆளுக்கு எவ்வளவு குருணை? நீ இப்பச் சொல்லு. பத்தலைன்னா திட்டுவான், மிஞ்சுச்சுன்னா அடுத்த தடவை வாங்க மாட்டான்."

அவளுக்குத் தெரியவில்லை. அவள் வீட்டில் ஒருவருக்கென்று உலை வைத்ததே கிடையாது. திரும்பி அத்தாவைப் பார்த்தாள். "எனக்கெங்க தெரியும்? நான் இருந்த வரைக்கும் கேம்ப்ல மெஸ்ஸுதான்" என்றார் அவர். பிரகாஷ், "நாலால வகுத்துரலாமே சார்" என்றான். மஸ்கட்காரருக்குக் கேட்டுவிட்டது. "வகுத்தா வராது தம்பி. ஒத்தை ஆள் சமையல் தனிக் கணக்கு. செஞ்சவனுக்குத்தான் தெரியும்" என்றார்.

வகுப்பு அமைதியாக இருந்தது. அந்த அமைதியை நான் நிரப்பியிருக்க வேண்டாம். ஜோக் எதுவும் கைவசம் இல்லை. தெரிந்த விடை ஒன்றுதான் இருந்தது.

"ஒரு உள்ளங்கைக் குழிங்க" என்றேன். "கோபுரமா வேண்டாம், மட்டமா. பருப்பு அதுல கால்வாசிக்கும் கொஞ்சம் குறைச்சல். வெந்தயம் இந்த அளவுல போட்டா கசந்துரும், பாதியாக் குறைக்கணும். தண்ணி ஒரு சொம்பு. அதுக்கு மேல ஒரு பிடி போட்டீங்கன்னா மறுநாள் காலையிலயும் அதே கஞ்சி மூஞ்சியிலதான் முழிக்கணும்."

கடைசி வரி சிரிக்கவைப்பதற்காகத்தான் சொன்னது. யாரும் சிரிக்கவில்லை. திரையில் இருந்த முகம் கிட்டே வந்தது.

"சாருக்கு எப்படி இவ்வளவு சுத்தமாத் தெரியுது? தனியாவா இருக்கீங்க?"

"ஆமாங்க."

"வீட்ல?"

"மெல்போர்ன்ல, மக கூட. குழந்தையைப் பார்த்துக்கறாங்க."

"எவ்வளவு நாளா?"

"குழந்தை பள்ளிக்கூடம் போகுதுங்க இப்போ."

அவர் தலையாட்டினார். அனுதாபமாக ஒன்றும் சொல்லவில்லை. ஒரே பஸ்ஸில் போகிற இரண்டு பேர் பார்த்துக்கொள்வது மாதிரி பார்த்தார். வகுப்பில் எத்தனையோ உப்புமா ஜோக்குகளுக்குச் சிரித்த முகங்கள் இப்போது அந்த ஜோக்குகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தன. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று: சட்டை காய்ந்துவிட்டிருந்தது.

"சார் சொன்ன அளவுல ஒத்தை ஆள் பாக்கெட்டாப் போடும்மா" என்றார் மஸ்கட்காரர். "படத்துல அந்தக் குடும்பத்தை எடுத்துரு. பார்த்தா வாங்கத் தோணாது, அழத்தான் தோணும். ஒரு கிண்ணம் மட்டும் போடு. நோன்புக்கு முன்னாடி கடையில இருக்கணும். அனுப்பு."

கடைசி பெஞ்சில் ஜபருல்லா பாய் எழுந்து, செல்போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். கதவு திறந்தே இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. "ஆமா பாய், ஷெட்டு விஷயம்தான். இல்ல, வாடகையெல்லாம் பிரச்சினை இல்ல. மவளுக்கு வேணுமாம். வேற இடம் பார்த்துக்குங்க, கோவிச்சுக்காதீங்க." நஸ்ரின் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். பிரகாஷ் விசில் அடித்தான். வெளியே போடா என்று அவனைத் துரத்தினேன். அவன் போகவில்லை.

அன்றைக்கு எல்லாரும் கிளம்பின பிறகு கடிகாரங்களுக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடிகாரங்களை ஏன் மாட்டினேன் என்று அப்போதுதான் சரியாகப் புரிந்தது. பாடத்துக்காக இல்லை. இந்தப் பாடத்தை நாம் நன்றாக நடத்தினால் பிள்ளைகள் கிளம்பிவிடுவார்கள், சுமாராக நடத்தினாலும் கிளம்பிவிடுவார்கள். போனவர்கள் ஊரில் இப்போது மணி என்ன என்று நமக்குத் தெரிந்தால், அவர்கள் ஏன் கூப்பிடவில்லை என்பதற்கு ஒரு காரணம் கிடைக்கும். மெல்போர்னுக்கு மட்டும் நான் கடிகாரம் வாங்கவில்லை. அந்த நேரம் எனக்குப் பார்க்காமலே தெரியும்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சந்தையைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்லும்போது, உங்களுக்கே தெரிந்த சந்தை ஒன்று உங்கள் வீட்டு அடுப்பில் இருக்கலாம். வெட்கப்பட்டு அதை மறைக்காதீர்கள். நான் முதல் சாம்பிளைக் குடித்தபோதே, "அதிகம் அம்மா, நான் ஒரே ஆள்" என்று சொல்லியிருந்தால், அந்தக் குடும்பம் அட்டையில் ஏறியே இருக்காது. வெள்ளிக்கிழமை கூட்டம் வைத்தால் இரண்டு ஊர் ஜும்மாவையும் பாருங்கள். அழைப்பொலியை மாற்றிவிடுங்கள், குயில் வேண்டாம்.

நஸ்ரின் ஷெட்டிலிருந்து வந்த முதல் பாக்கெட்டை எனக்குத்தான் கொடுத்தாள். வெள்ளை உறை, ஒரு கிண்ணம், கீழே 'ஒருவருக்கு'. அன்று சாயங்காலம் வீட்டில் அடுப்பைப் பற்றவைத்து, பிரித்துக் கொட்டி, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். பட்டை வாசனை கூடம் வரை வந்தது. மெல்போர்னில் அவள் தூங்கியிருப்பாள்; எழுப்பவில்லை. கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தேன். வெந்தயம் கசக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு டம்ளர் கொடுத்து ருசி கேட்கலாம் என்று பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தேன்.

அளவு மிகச் சரியாக இருந்தது. மிச்சமே இல்லை.